கீறலும் மீட்டும்

ஆரணிப் பட்டில் அரக்கு நிறத்துக்கு என்றும் தனி மதிப்பு. முகூர்த்தச் சேலை எடுக்க வருகிறவர்கள் விரித்துக் காட்டச் சொல்லும் நிறங்களில் அதுவும் ஒன்று. இப்போது அந்தச் சிவப்பு ரசாயனச் சாயத்தில் வருகிறது; ஒரு காலத்தில் பூச்சியிடமிருந்து வந்தது. புரச மரத்திலும் இலந்தையிலும் குடியேறும் அரக்குப்பூச்சி கிளையைச் சுற்றிப் பிசின் சுரந்து கட்டும். அதைச் சுரண்டி, இடித்து, நீரில் அலசினால் சாயம் கரைந்து பிரியும். மிஞ்சும் பிசின்தான் அரக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைச் சாயங்கள் வந்து அரக்குச் சாயத்தின் சந்தையை அழித்தன. கழுவி ஒதுக்கிய பிசினுக்கோ புதிய வேலை காத்திருந்தது. 1890களின் நடுவில் எமில் பெர்லினர் தம் இசைத்தட்டுகளைக் கெட்டி ரப்பரிலிருந்து அரக்குக் கலவைக்கு மாற்றினார். அடுத்த அரை நூற்றாண்டுக்கு உலகம் தட்டில் கேட்ட பாட்டு பெரும்பாலும் இந்தியக் காடுகளில் விளைந்த பிசினில் பதிந்ததுதான்.

பிசின் என்று சொன்னாலும் தட்டில் அதன் பங்கு கால்பாகம், சில சமயம் அதற்கும் குறைவு. மீதி சுண்ணாம்புக்கல் பொடி, பலகைக்கல் பொடி, கறுப்பு நிறத்துக்குப் புகைக்கரி, உறுதிக்குக் கொஞ்சம் பஞ்சிழை. கல்பொடியைத் தெரிந்தேதான் கலந்தார்கள். கிராமபோனின் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கு மேற்பட்ட எடையுடன் இரும்பு முள்ளைத் தட்டின் மேல் அழுத்தும். அந்த முள் தட்டின் குழிவுக்கு ஏற்றபடி சில சுற்றுக்குள் தேய்ந்து பொருந்த வேண்டும். அதற்கு உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு தேவைப்பட்டது. ஆகவே பழைய தட்டிலிருந்து எழும் ‘ஸ்…’ என்ற இரைச்சலில் ஒரு பகுதி பின்னால் வந்த அழுக்கோ சேதமோ அல்ல. தட்டு பிறந்த நாளிலேயே அதன் உடம்பில் இருந்தது. எதைச் சேதம் என்று நீக்குவது, எதைத் தட்டின் இயல்பு என்று விட்டுவைப்பது என்ற கேள்வி பழைய பதிவைச் சீரமைக்கும் வேலையின் முதல் நிமிடத்திலேயே எழுந்துவிடுகிறது.

ஆரணியில் பட்டு வியாபாரம் செய்த ஒரு குடும்பத்தின் பரணிலிருந்து இறக்கிய தட்டுகளைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. நாடகப் பாட்டுகளும் கீர்த்தனைகளும் சில ஹரிகதைத் தட்டுகளும் இருந்தன. உறைகளில் சவுண்ட் சர்வீஸின் ரப்பர் முத்திரை; கல்யாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கியில் சுழன்று வந்தவை. ஒரு தட்டைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது, கறுப்பு மேற்பரப்பின் நடுவில் ஒரு விரற்கடை அகலத்துக்குச் சாம்பல் பூத்த வளையம் தெரிந்தது. பாடகர் மேல் ஸ்தாயியில் உரக்கப் பாடிய இடம் அது. அங்கே தடம் அதிகமாக நெளிந்திருக்கும். தேய்ந்த முள் அந்த நெளிவின் சுவர்களைச் சிராய்த்துவிடும். ஒரு முள்ளை ஒரு பக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்துங்கள் என்று கம்பெனிகள் சொன்னாலும், ஊர்களில் ஒரே முள் ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்தது. பாட்டில் மக்கள் மிகவும் விரும்பிக் கேட்ட இடம் எதுவோ, அதுவே தட்டில் மிக மோசமாகத் தேய்ந்த இடம். எந்த வடிப்பானும் இந்தச் சிராய்ப்பை முழுமையாகச் சரிசெய்யாது. அது பாட்டின் மேல் வந்து உட்கார்ந்த இரைச்சல் அல்ல. பாட்டின் உருவமே சிதைந்தது.

அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பாதி வேலையைக் கணினிக்கு முன்பே முடித்துவிடுகிறார்கள். முதலில் கழுவுதல். காய்ச்சி வடித்த நீர், ஒரு துளி மென்மையான சோப்புக் கரைசல், மிருதுவான தூரிகை, இவ்வளவுதான். ஸ்பிரிட்டோ ஆல்கஹால் கலந்த வேறு எந்தத் திரவமோ படக்கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும், தட்டு அன்றோடு போகும். அடுத்தது முள். அரக்குத் தட்டின் தடம் லாங்பிளே தட்டின் தடத்தைப் போல மூன்று மடங்கு அகலம். ஆகவே லாங்பிளே முள் அடியில் கிடக்கும் தூசியைத்தான் உழும். மில்லிமீட்டரில் நூற்றில் 5 முதல் 10 பங்கு வரை நுனி அகலமுள்ள பல முட்களை வைத்துக்கொண்டு, பழைய இரும்பு முள் தொடாத உயரத்தில் எது சுவரைத் தொடுகிறதோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியான முள் அமைந்துவிட்டால், பிறகு எந்த மென்பொருளும் தராத தெளிவு கிடைக்கும். தட்டில் பாட்டு பக்கவாட்டு அசைவாகவே பதிந்திருக்கிறது. மேலும் கீழுமான அசைவு முழுவதும் குப்பை. எனவே இரண்டு சுவர்களையும் ஸ்டீரியோவாகத் தனித்தனியே பதிந்து, பிறகு கூட்டினால் செங்குத்து அசைவின் சத்தம் தானாகவே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு சுவர் மட்டும் தேய்ந்திருந்தால், அந்த இடத்தில் நல்ல சுவரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வேகத்தைப் பற்றி நம் சங்கீதக்காரர்கள் இன்னும் உரக்கப் பேச வேண்டும். நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று என்பது பின்னால் நிலைபெற்ற எண். ஆரம்பக் காலத் தட்டுகள் நிமிடத்துக்கு 70 முதல் 82 சுற்று வரை எந்த வேகத்திலும் வெட்டப்பட்டிருக்கலாம். வேகம் ஆறு சதவீதம் மாறினால் சுருதி அரைக் கட்டை மாறும். ஐந்து கட்டை ஐந்தரை ஆகும், தாளம் ஓடும், குரலின் வயதே மாறும். 27 வயதில், 1933இல் மறைந்த நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் உச்சஸ்தாயியைப் பற்றி நம்மிடம் இருக்கும் பிம்பத்துக்குத் தட்டுகளே அடிப்படை. யாரோ ஒருவர் வேகத்தைச் சரிபார்க்காமல் ஏற்றிய பதிவைக் கேட்டு, மனிதக் குரலுக்கு எட்டாத உயரம் என்று வியப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. சுருதிப்பெட்டியும் ஆர்மோனியமும் நிலையான சுரங்களில் ஒலிப்பவை. அவற்றை ஆதாரமாக வைத்து வேகத்தைக் கணிக்க முடியும். இதற்குப் பாடகரின் வழக்கமான சுருதியை அறிந்த காது வேண்டும்.

ஆரணியில் இந்த வேலையைச் செய்கிறவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பக்கத்து வீட்டில் தறி ஓடினால் பலகை அடிக்கும் அதிர்வு தரை வழியாக முள்வரை வந்துவிடும். காதில் விழாத தாழ்ந்த அதிர்வு அது. ஆனால் பதிவில் அலையலையாக ஏறிக்கொள்ளும். கனமான கற்பலகையின் மேல் இயந்திரத்தை வைப்பதும், தறி ஓயும் நேரத்தில் பதிவதும் எந்த வடிப்பானையும்விட மேல். சீட்டுக் கூரையின் கீழ் தட்டுகளை வைக்கவும் கூடாது. சித்திரை வெயிலில் அரக்கு இளகி வளைந்துவிடும்.

இனிக் கணினிக்கு வருவோம். பன்னாட்டு ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கம் நொடிக்கு 96,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 24 பிட் என்ற அளவில் பதியப் பரிந்துரைக்கிறது. அரக்குத் தட்டில் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் பாட்டே இல்லாதபோது இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். கீறலின் ‘டிக்’ சத்தம் மிகக் குறுகியது, கூர்மையானது. அதன் ஆற்றல் பாட்டு முடிந்துபோகும் உயரத்துக்கு மேலும் நீள்கிறது. அந்த வெற்றிடத்தில் தெரியும் ஈட்டி முனையை வைத்தே கணினி கீறலைக் கண்டுபிடிக்கிறது. பாட்டுக்காக அல்ல, இரைச்சலை அடையாளம் காணவே அந்த உயர்ந்த அளவு.

கண்டுபிடித்த பின் அந்த இடத்தை வெட்டி எடுத்து, முன்னும் பின்னும் உள்ள ஒலியைக் கொண்டு இடைவெளியை நிரப்ப வேண்டும். நெசவாளர் அறுந்த பாவு இழையைச் சேர்ப்பது போன்ற வேலை இது. அதே பாவில் மிஞ்சிய இழையை எடுத்து, அதே நிறம் அதே முறுக்கு என்று பார்த்து, இருபக்கமும் பிணைத்து இறுக்கிவிட்டால் உடலில் முடிச்சு தெரியாது. ஒலியின் ஒவ்வொரு மாதிரியும் அதற்கு முந்தைய சில மாதிரிகளைச் சார்ந்தே அமைகிறது என்பது இதன் பின்னுள்ள கணிதம். 1986இல் யான்சன், வெல்தௌஸ், விரீஸ் மூவரும் வெளியிட்ட முறை இந்தச் சார்பைக் கணக்கிட்டுத் தொலைந்த மாதிரிகளை ஊகிக்கிறது. இரண்டு மூன்று மில்லிநொடிக்கு, அதாவது இருநூறு முந்நூறு மாதிரிகளுக்கு, ஊகம் அபாரமாகப் பொருந்தும். இருபது மில்லிநொடிக்கு மேல் போனால் நிரப்பிய இடம் உயிரின்றி மழுங்கும். பாவில் ஓரிழையைப் பிணைப்பது வேறு, புட்டாவுக்கு நடுவே கைவிரல் அளவு கிழிந்த இடத்தை ஊகித்து நெய்வது வேறு.

கேம்பிரிட்ஜில் பீட்டர் ரேனரும் அவருடைய மாணவர் சைமன் காட்சிலும் இந்த இயலை வளர்த்தார்கள். பிரிட்டனின் தேசிய ஒலிக் காப்பகத்துக்காக அங்கே நடந்த ஆய்விலிருந்துதான் 1988இல் சீடர் என்ற ஒலிச் சீரமைப்பு நிறுவனம் பிறந்தது. அதற்கும் முன்பு, 1970களின் நடுவில், அமெரிக்காவில் தாமஸ் ஸ்டாக்கம் ஓபரா பாடகர் கரூசோவின் தட்டுகளை எடுத்து, பதிவு செய்த கொம்பு ஒலியில் ஏற்படுத்திய கோணலைக் கணிதத்தால் நிமிர்த்த முயன்றார். 1925க்கு முன் தட்டுப் பதிவில் மைக்ரோஃபோன் வழக்கத்துக்கு வரவில்லை. பாடகர் ஒரு பெரிய கொம்புக்குள் பாட, அந்தக் காற்றழுத்தமே மெழுகில் ஊசியை அசைத்தது. கொம்புக்குத் தனக்கென்று சில விருப்பமான சுரங்கள் உண்டு. அவற்றை மிகைப்படுத்தி, மற்றவற்றை விழுங்கிவிடும். ஸ்டாக்கம் நீக்க நினைத்தது அந்தச் சாய்வைத்தான்.

இந்த முறைகள் எல்லாம் மேலைச் சங்கீதத்தின் மேல் பரிசோதிக்கப்பட்டவை. நம் தட்டில் வைக்கும்போது சிக்கல் மிருதங்கத்தில் தொடங்குகிறது. முந்தைய மாதிரிகளிலிருந்து கணிக்க முடியாதது கீறல் என்பது கணினியின் இலக்கணம். வலந்தலையில் விழும் ஒரு சாபுவின் தொடக்கமும் அப்படித்தான்: எங்கிருந்தோ ஒரு மில்லிநொடியில் பாய்ந்து எழும். கடத்தின் தட்டும் கஞ்சிராவின் சலங்கையும் அப்படியே. உணர்திறனைக் கூட்டிவைத்த மென்பொருள், மோராவின் சொற்களை ஒவ்வொன்றாகக் கீறல் என்று எண்ணி மழுக்கிவிடும். பாட்டு மிருதுவாகக் கேட்கும். தாளம் பஞ்சில் சுற்றியதுபோல ஆகிவிடும். சொற்களுக்கும் இதே ஆபத்து. தகரம், டகரம், பகரம் போன்ற வல்லினங்கள் சிறு வெடிப்புகளாகவே பிறக்கின்றன. கீறலும் வல்லினமும் திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், தட்டு விரிசலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 78 சுற்றில் ஓடும் தட்டில் அது 0.77 நொடிக்கு ஒருமுறை வந்தே தீரும். தாளத்தின் கணக்கு வேறு. இந்த இரண்டு கணக்குகளையும் ஒரே நேரத்தில் மனத்தில் ஓட்டத் தெரிந்தவர் திரை முன் உட்கார வேண்டும்.

தொடர் இரைச்சல் இதைவிட நுட்பமான பகை. அதை நீக்கும் வழக்கமான முறை இது: பாட்டு தொடங்கும் முன் வெறும் தடத்தில் ஒலிக்கும் ஓரிரு நொடி இரைச்சலை மாதிரியாகக் கொடுக்கிறோம். கணினி ஒலியைச் சிறுசிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் நூற்றுக்கணக்கான அதிர்வெண் அடுக்குகளாகப் பிரித்து, எந்த அடுக்கு இரைச்சல் மட்டத்தைத் தாண்டவில்லையோ அதைத் தணிக்கிறது. 1979இல் ஸ்டீவன் போல் பேச்சொலிக்காக முன்வைத்த இந்தக் கழித்தல் முறை மலிவானது, வேகமானது. ஆனால் தற்செயலாக மட்டத்தைத் தாண்டும் இரைச்சல் துணுக்குகள் தப்பிவிடும். அவை தண்ணீர்ச் சொட்டுகள்போல, சின்னஞ்சிறு மணிகள்போல, சுருதி சேராமல் மின்னி மறையும். 1984இல் எஃப்ரைமும் மாலாவும் தந்த திருத்தம் அதைப் பெரிதும் அடக்கியது. மாதிரி எடுப்பதிலும் ஒரு பொறி உண்டு. பத்து அங்குலத் தட்டின் வெளிவிளிம்பில் முள்ளுக்கடியில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் தடம் ஓடுகிறது. உள்பக்கத்துக்கு வரும்போது அது நாற்பது சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். இரைச்சலின் நிறம் மாறிக்கொண்டே போகும். பல்லவிக்கு எடுத்த மாதிரி சரணத்துக்குப் பொருந்தாது.

மாதிரி கொடுக்காமலே இரைச்சலைத் தானாக மதிப்பிடும் மென்பொருள்கள் இன்னும் மோசமான தவற்றைச் செய்யக்கூடும். நெடுநேரம் மாறாமல் ஒலிப்பது எதுவோ அதுவே இரைச்சல் என்பது அவற்றின் அனுமானம். மேலைச் சங்கீதத்தில் அப்படி ஒன்று அநேகமாக இல்லை. நம் கச்சேரியில் முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை மாறாமல் ஒலிப்பது சுருதி. தம்பூராவையோ சுருதிப்பெட்டியையோ குப்பை என்று கருதித் தின்றுவிட்டால், பாடகர் ஆதாரமில்லாத வெளியில் நின்று பாடுவதுபோலத் தோன்றும். இப்படிப்பட்ட மறுபதிப்புகளைக் கடைகளில் வாங்கியும் கேட்டிருக்கிறேன். குரல் துலக்கமாக இருக்கும், ஷட்ஜம் நிற்காது.

வீணை தனம்மாளின் தட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1867இல் பிறந்த அவர், அறுபத்தைந்தை ஒட்டிய வயதில், 1930களின் தொடக்கத்தில் கொலம்பியா கம்பெனிக்காக வாசித்தார். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டு வெள்ளிக்கிழமைக் கச்சேரிகளில் வந்திருந்தவர்கள் மூச்சடக்கி உட்கார்ந்திருப்பார்கள் என்பது சங்கீத உலகம் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. நாதம் அவ்வளவு சன்னம். அந்தச் சன்னம் அரக்கில் பதிந்தது. ஒரு மீட்டைக் கணினித் திரையில் பெருக்கிப் பாருங்கள். தொடக்கத்தில் செங்குத்தான மேடு. பிறகு சரிந்து சரிந்து, கால் நொடியில் இரைச்சலின் மட்டத்துக்கு வந்துவிடும். ஆனால் அந்த மீட்டு அங்கே முடியவில்லை. தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே இடக்கை விரல் அதை இழுத்து அடுத்த சுரத்துக்குக் கொண்டுபோகிறது. மீட்டின் வால்பகுதியில்தான் கமகம் இருக்கிறது, அதாவது ராகமே அங்குதான் இருக்கிறது. கணினி இந்த வாலைப் பார்த்து, மட்டத்தைத் தாண்டவில்லை என்று வெட்டுகிறது. மிஞ்சுவது மேடுகள் மட்டும்: சுரம், சுரம், சுரம். இடையில் அவற்றைக் கோத்த இழுப்பு காணாமல் போகிறது.

மனிதக் காது இந்த இடத்தில் எந்தக் கருவியைவிடவும் தேர்ந்தது. நிலையான இரைச்சலுக்குப் பின்னால் ஒரு நாதம் அமிழ்ந்து போவதைக் காது பின்தொடரும்; இரைச்சல் மட்டத்துக்குக் கீழேயும் கொஞ்சதூரம் போகும். மாறாத இரைச்சலை அரை நிமிடத்தில் மறந்துவிடும் நாம், பாட்டோடு சேர்ந்து ஏறி இறங்கும் இரைச்சலை ஒருபோதும் மறக்கமாட்டோம். ஆகவே முழுக்க நீக்குவதைவிட 6 அல்லது 8 டெசிபல் தணித்துவிட்டு நிறுத்துவதே என் கட்சி. இன்னொரு பரிசோதனையும் உண்டு. நீக்கப்பட்டதை மட்டும் தனியே கேட்கும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. அதைக் கேளுங்கள். வெறும் ‘சரசர’ மட்டும் வந்தால் சரி. அதற்குள் தாளம் கேட்டால், ஒரு சொல்லின் சாயல் கேட்டால், சங்கீதம் குப்பைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் எலோய் மோலினரும் வேசா வாலிமாகியும் 2022இல் வெளியிட்ட முறையில், தூய பதிவுகளின் மேல் உண்மையான பழைய தட்டுகளிலிருந்து எடுத்த இரைச்சலைக் கலந்து, இரண்டையும் பிரிக்க நரம்பு வலைப்பின்னலைப் பழக்கினார்கள். முடிவுகள் வியக்கவைப்பவை. ஆனால் அது பழகிய பாட்டு மேலைச் செவ்வியல் இசை. பியானோவையும் வயலின் குழுவையும் கேட்டு வளர்ந்த மென்பொருளுக்குத் தோடியின் காந்தாரம் அசைவதும், நாகஸ்வரத்தின் சீவாளி சீறுவதும் இசையா இரைச்சலா என்று யாரும் சொல்லித்தரவில்லை. இவ்வகைக் கருவிகளின் அடுத்த தலைமுறை, தட்டில் பதியாமலே போன உயர்ந்த அதிர்வெண்களையும் ஊகித்து நிரப்புகிறது. கேட்க இனிமையாக இருக்கும். அந்த இனிமை பாடகருடையதல்ல. அப்படிச் செய்த பதிவின் மேல் அதைத் தெளிவாக எழுதி ஒட்ட வேண்டும்.

எனவே எல்லாவற்றுக்கும் முந்திய கடமை, கழுவித் துடைத்த தட்டிலிருந்து எதையும் நீக்காமல் எடுத்த மூலப்பதிவை அப்படியே பாதுகாப்பது. சுத்தம் செய்தது அதன் நகல் மட்டுமே. நாளை இதைவிட நல்ல கருவி வரும். அப்போது அதற்குத் தேவை நாம் இன்று தூக்கி எறிந்த இரைச்சல்தான். மும்பையை மையமாகக் கொண்ட இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு யங் இந்தியா, ஓடியன் தட்டுகளை எண்மமாக்கியிருக்கிறது. ஓடியன் நமக்கு அந்நியமல்ல. ஏவி. மெய்யப்பன் திரைப்படத்துக்கு வரும் முன் கூட்டாளிகளோடு நடத்திய சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் வெளியிட்டது ஓடியன் தட்டுகளைத்தான். அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் பெரும் எழுபத்தெட்டுத் திட்டத்தில் ஒரே தட்டை ஒரே ஓட்டத்தில் நான்கு முட்களால் பதிந்து, நான்கையும் பொதுவில் வைத்தார்கள். எந்த முள் சிறந்தது என்று பிறகு வருகிறவர் தீர்மானித்துக்கொள்ளலாம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள்தான். அரக்குத் தட்டுகளில் பெரும்பாலானவை அந்த வரம்பைக் கடந்துவிட்டன.

தேவிகாபுரத்திலும் ஒண்ணுபுரத்திலும் ஆரணியின் பழைய தெருக்களிலும் பரண்களைச் சுத்தம் செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உடைந்த தட்டையும் எறிய வேண்டாம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் குழுவினர், முள்ளே தொடாமல், தடத்தை நுண்ணோக்கியால் படமெடுத்து அதிலிருந்து ஒலியை மீட்கிறார்கள். துண்டுகளைச் சேர்த்து வைத்தே படிக்க முடிகிறது. தட்டின் முகச்சீட்டையும், அதை ஒட்டி அரக்கில் பொறித்த எண்ணையும் படமெடுத்து வையுங்கள். எப்போது எங்கே பதிந்தது என்பதற்கு அந்த எண்ணே சாட்சி.

நம் இசையைக் கேட்டுப் பழகும் மென்பொருளுக்கு வேண்டிய பயிற்சிப் பொருளில் ஒரு பாதி ஏற்கனவே இருக்கிறது. பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா நடத்திய கம்ப்மியூசிக் திட்டத்தின் வழியாக ‘சரகா’ என்ற தொகுப்பு வெளியானது. அதில் கர்நாடகக் கச்சேரிகள் பலவற்றின் குரலும் வயலினும் மிருதங்கமும் தனித்தனித் தடங்களாகவே கிடைக்கின்றன. மறுபாதி இங்கே தென்னிந்தியச் சந்தைக்கென அச்சிட்ட தட்டுகளின் தூய இரைச்சல்: பாட்டு தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் ஓடும் அந்த ஓரிரு நொடிகள், வெட்டாமல் சேமித்தவை. பரணிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தட்டும், அதில் பாட்டே கேட்க முடியாத அளவு தேய்ந்திருந்தாலும், இதற்குப் பயன்படும்.